கூலியும் தியாகமும்



2020ஆம் ஆண்டு தசலட்சணப் பருவத்தில் கூட்டம் கூடுதல் இயலாதிருந்தமையால், பத்து நாள் அறவுரைகளையும் தொலைபேசி வழியாகவே நிகழ்த்தினோம். எட்டாம் நாள் உத்தம தியாகம் பற்றிப் பேசி முடித்த இரவு, நம் சமூகத்தைச் சார்ந்த அன்பர் ஒருவர் நம்மை அழைத்தார். அச்சகம் நடத்துபவர். பதினான்கு பேருக்கு வேலை தருபவர். திருமண அழைப்பிதழ்களும் பள்ளிக் குறிப்பேடுகளுமே அவருடைய தொழிலுக்கு உயிர்நாடி. அவ்வாண்டு மார்ச்சு 25 முதல் ஊரடங்கு, திருமணங்கள் வீட்டுக்குள் சுருங்கின, பள்ளிகள் திறக்கவில்லை. ஐந்து மாதங்களாக இயந்திரம் ஓடிய நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றார்.

"ஐயா, இன்று தாங்கள் தியாகத்தைப் பற்றிச் சொன்னவை நெஞ்சில் பதிந்தன. என் ஆட்களுக்கும் தாங்களே ஒருமுறை இதனை எடுத்துச் சொல்ல வேண்டும். சம்பளத்தில் நூற்றுக்கு நாற்பது குறைத்துக் கொள்ளும்படி கேட்க இருக்கிறேன். நான் கேட்டால் மனம் கசப்பார்கள். தாங்கள் சொன்னால் அறம் என்று ஏற்றுக் கொள்வார்கள்" என்றார்.

அவர் தீயவர் அல்லர். நாள்தோறும் அருகனை வணங்காமல் உண்ணாதவர், இரவுணவை நீத்தவர். ஊரடங்கின் முதல் மூன்று மாதங்களும் கைப்பொருளைக் கொண்டே முழுச் சம்பளம் வழங்கியவர். ஆகலின் அவர் கேட்டதை எள்ளி நகையாட நமக்கு மனம் வரவில்லை. நாளை சொல்கிறோம் என்று மட்டும் கூறினோம். அன்றிரவு உறக்கம் வரவில்லை. அறவுரையை இவ்வாறும் பயன்படுத்தலாகும் என்பது அதுவரை நமக்குத் தோன்றியதே இல்லை.

தியாகம் என்பது யாது? தன்னுடையதைத் தானே நீத்தல். இதில் இரண்டு சொற்களும் இன்றியமையாதன: பொருள் தன்னுடையதாக இருத்தல் வேண்டும், நீப்பவனும் தானாகவே இருத்தல் வேண்டும். பிறர் பொருளைப் பிறர் கையால் நீக்குவித்துவிட்டு, அதற்குத் தியாகம் என்று பெயரிடுதல் எவ்வாறு பொருந்தும்? அச்சகத்து அன்பர் தம் ஆட்களைத் தியாகம் செய்யச் சொல்கிறார் எனின், அத்தியாகத்தின் பயனைப் பெறுபவர் எவர்? அவரேயன்றோ! நம் நூல்கள் தானத்தை ஆராயுமிடத்துக் கொடுக்கும் முறை, கொடுக்கப்படும் பொருள், கொடுப்பவர், பெறுபவர் என்னும் நான்கனையும் வைத்தே அதன் உயர்வு தாழ்வை அளக்கின்றன. அவ்வளவுகோலை இங்கு வைத்துப் பார்ப்போம். பைண்டிங் பிரிவில் தாள் மடிக்கும் பெண்கள் கொடுப்பவர்; அச்சக உரிமையாளர் பெறுபவர். ஏற்கும் கை அவருடையது. ஏற்கும் கை தாழ்ந்திருத்தல் வேண்டும் என்பதை நாம் அவருக்குச் சொல்லாமல், கொடுக்கும் கையை நோக்கி அறம் உரைத்தல் தகுமா?

இங்கு ஒரு சொல்லைப் பற்றியும் கூற வேண்டும். 'நான் பத்துக் குடும்பத்திற்குப் படியளக்கிறேன்' என்று சொல்லும் வழக்கம் நம்மவரிடையேயும் உண்டு. உலகைப் படைத்துக் காத்துப் படியளக்கும் கடவுள் ஒருவர் உண்டு என்னும் கொள்கையை நாம் ஏற்பதில்லை. வினையும் வினைப்பயனுமே உயிரை நடத்துகின்றன என்கிறோம். இறைவனுக்கே அளிக்காத அவ்விருக்கையில் ஓர் அச்சக உரிமையாளரோ, நிலக்கிழாரோ ஏறி அமர்தல் நமக்குப் பொருந்துவதன்று. கூலி, நான்கு வகைத் தானத்துள் எதிலும் அடங்காது. உணவு, அடைக்கலம், மருந்து, நூல் ஆகியவற்றைத் தானமாக அளித்தால் புண்ணியம் சேரும். கூலியைக் கொடுத்தால் கடன் தீரும். அவ்வளவே.

அவ்விரவு நம் நினைவிற்கு வந்த நூல், ஆசாரியர் உமாசுவாதி அருளிய தத்துவார்த்த சூத்திரம். உயிர்கள் ஒன்றற்கொன்று துணை செய்தலே உயிர்களின் உபகாரம் என்னும் கருத்தமைந்த சூத்திரம் அதன் ஐந்தாம் அத்தியாயத்தில் உள்ளது. இன்று சமணரின் சின்னத்தின்கீழ் எங்கும் பொறிக்கப்படுவது அதுவே. பொறித்ததை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அதன் உரையைக் கண்டவர் சிலரே. சர்வார்த்தசித்தி என்னும் பேருரையை இயற்றிய ஆசாரியர் பூச்சியபாதர் (அவருடைய மாணவர் வச்சிரநந்தியே மதுரையில் திராவிட சங்கத்தை நிறுவினார் என்பது மரபு) இச்சூத்திரத்திற்கு எடுத்துக்காட்டுக் கூறப் புகுந்தவிடத்து, தாயும் சேயும் என்று தொடங்கவில்லை. துறவியும் இல்லறத்தாரும் என்றும் தொடங்கவில்லை. தலைவனும் பணியாளனும் என்பதே அவர் காட்டும் முதல் எடுத்துக்காட்டு! அதன் பின்னரே ஆசிரியரும் மாணாக்கரும் வருகின்றனர்.

அவர் கூறும் விளக்கம் இன்னும் வியப்பிற்குரியது. தலைவன் பொருளை அளிப்பதால் பணியாளனுக்குத் துணையாகிறான். பணியாளன் எதனால் தலைவனுக்குத் துணையாகிறான்? உழைப்பால் என்றே நாம் விடை கூறுவோம். பூச்சியபாதர் அவ்வாறு கூறவில்லை. நன்மையாவதை எடுத்துரைப்பதாலும் தீமையாவதைத் தடுப்பதாலும் என்கிறார். பணியாளன் வாய்திறந்து பேசுதல், தலைவனைத் தடுத்தல், இவையே அவன் செய்யும் உபகாரம் என்பது அவ்வுரை. வணிகம் நொடிக்கும் காலத்தில் முதலாளி அடைத்துவிட விரும்புவது எதனையோ, அதனையே நம் ஆசாரியர் அவனுக்குக் கிடைத்த உதவி என்கிறார்.

மறுநாள் அன்பரை அழைத்தோம். "தங்கள் ஆட்களிடம் நாம் பேசமாட்டோம். ஆனால் தாங்கள் பேசுவதற்கு முன் கணக்கேட்டை அவர்கள் முன் விரித்து வையுங்கள். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள்" என்றோம். மறுமுனையில் நெடுநேரம் அமைதி. பின்னர், "கணக்கையா?" என்றார்.

அவருடைய தயக்கம் புதியதன்று. நம் சமயத்தவர் பெருமுதலாளிகளாக விளங்கிய அகமதாபாத் நகரத்தில், நூறாண்டுக்கு முன்னரே இந்த வினா எழுந்தது. 1917இல் அங்குக் கொள்ளைநோய் பரவியபோது, தொழிலாளர் ஊரைவிட்டு ஓடாதிருக்கும்பொருட்டு ஆலை உரிமையாளர்கள் ஊதியத்தின்மேல் கூடுதல் தொகை அளித்தனர். சிலர்க்கு அது ஊதியத்தில் 70 விழுக்காட்டையும் எட்டியது. நோய் தணிந்ததும் அதனை நிறுத்த முற்பட்டனர். ஆனால் உலகப் போரினால் ஏறிய விலைவாசி தணியவில்லை. உரிமையாளர் பக்கம் முன்னின்றவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய உடன்பிறந்த தமக்கையார் அனசூயா சாராபாய். இருவரும் சமணக் குடும்பத்தில் பிறந்தவர்கள். உரிமையாளர்கள் 20 விழுக்காடுதான் தருவோம் என்றனர். காந்தியடிகள் விலைவாசியையும் ஆலைகளின் நிலையையும் ஆராய்ந்து, 50 விழுக்காடு கேட்ட தொழிலாளரை 35க்கு இறங்கி வரச் செய்தார். 1918 பிப்ரவரி 22இல் ஆலைக் கதவுகள் அடைபட்டன. மார்ச்சு 15இல் காந்தியடிகள் உண்ணாநோன்பு தொடங்கினார். 18ஆம் நாள் உடன்பாடு ஏற்பட்டு, வழக்கு நடுவரிடம் விடப்பட்டது. நடுவராக அமைந்த ஆனந்தசங்கர் துருவர் பின்னர் 35 விழுக்காடே தகுமென்று தீர்ப்பளித்தார்.

அந்நோன்பைப் பற்றிக் காந்தியடிகளே பிற்காலத்தில் தம் வரலாற்றில் குறை கூறிக் கொண்டார் என்பதை நம்மவர் அறிதல் நன்று. தொழிலாளரின் உறுதி தளராதிருக்கவே நோன்பிருந்தாராயினும், அது தம்மீது அன்பு கொண்ட உரிமையாளர்களை நெருக்குவதாகவும் ஆயிற்று என்று அவர் வருந்தினார். பிறரை வளைப்பதற்கு நோன்பு கருவியாகலாகாது என்று நாம் கருதுகிறோம் அல்லவா? அறவுரையும் அவ்வாறே. அச்சகத்து அன்பர் நம்மிடம் கேட்டதும் அத்தகைய கருவியைத்தான்.

இதனினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது, அதே நகரில் 1936-37இல் எழுந்த வழக்கு. தொழில் மந்தமென்று கூறி ஆலை உரிமையாளர் சங்கம் ஊதியத்தைக் குறைக்க விரும்பியது. நடுவராக அமர்ந்த இருவருள் ஒருவர் காந்தியடிகள். உரிமையாளர் பக்கத்தவர் கஸ்தூர்பாய் லால்பாய். இவர் ஆனந்தஜி கல்யாணஜி அறக்கட்டளையின் தலைவராக நெடுங்காலம் விளங்கி, ராணக்பூர், தில்வாரா ஆலயங்களைச் செப்பனிடச் செய்தவர் என்பதை நாம் அறிவோம். இருவரும் ஒருமனப்படவில்லை. ஆயினும் காந்தியடிகள் அப்போது எழுதி வைத்த நெறிகள் இன்றும் நம் மேசைமேல் இருக்க வேண்டியவை. அவற்றின் கருத்தை மட்டும் நம் மொழியில் கூறுகிறோம். நிறுவனம் ஆதாயம் ஈட்டுவது நின்று, முதலையே எடுத்து நடத்த வேண்டிய நிலை வரும்வரையில் ஊதியத்தில் கை வைத்தலாகாது. வாழ்க்கை நடத்தப் போதிய அளவை ஊதியம் எட்டும்வரையிலும் அதனைக் குறைத்தல் என்னும் பேச்சே எழலாகாது. தொழிலாளரைப் பங்குதாரர்க்கு நிகராகக் கருதுதல் வேண்டும். ஆகவே ஆலையின் வரவு செலவை உள்ளவாறு அறியும் உரிமை அவர்க்கு உண்டு.

ஒன்றை மட்டும் அவர் விலக்கி வைத்தார். தொழிலைத் தமதென்றே கருதி, தாமே முன்வந்து உலர்ந்த ரொட்டியை உண்டும் அதனைக் காக்கத் தொழிலாளர் முற்படும் காலம் ஒன்று வரலாம்; அது அவர்கள் விருப்பம்; அதனைக் காட்டி இன்றைய வழக்கைத் தீர்க்கலாகாது என்பது அவர் கருத்து. தியாகம் என்னும் சொல்லுக்கு இடம் அங்குதான் உள்ளது. அது கேட்டுப் பெறுவதன்று.

பூச்சியபாதரையும் இந்நெறிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது நமக்கே வியப்பாயிருந்தது. கணக்கை அறியாதவன் நன்மையை எடுத்துரைப்பது எங்ஙனம்? தீமையைத் தடுப்பது எங்ஙனம்?

முதலை எடுத்து நடத்தும் நிலை என்பதை அன்பரிடம் சொன்னபோது, 2018இல் வாங்கிய மனை ஒன்று தமக்கு இருப்பதாகவும், அந்நாளில் விற்றால் பெருநட்டம் வருமென்றும் கூறினார். உண்மையே. நட்டந்தான். ஆனால் மாதம் 7,500 ரூபாய் பெறும் பெண்ணுக்கு 3,000 குறைவதும் நட்டமே. முன்னதில் அவருடைய பிற்கால வளம் சிறிது தேய்கிறது. பின்னதில் அப்பெண்ணின் இம்மாத அரிசியும் வாடகையும் தேய்கின்றன. நாற்பது விழுக்காடு என்பது எல்லார்க்கும் ஒரே அளவு போலத் தோன்றும் சொல். 18,000 பெறும் இயந்திர இயக்குநர்க்கும் 7,500 பெறுபவர்க்கும் அது ஒரே சுமையாகாது.

சுமை என்னும் சொல்லை நாம் வேண்டுமென்றே ஆள்கிறோம். இன்னாசெய்யாமை என்னும் அணுவிரதத்தைக் கறைப்படுத்தும் அதிசாரங்கள் ஐந்து. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், தாங்கும் அளவிற்குமேல் சுமத்துதல், உணவும் நீரும் மறித்தல். ஊர்களில் இவற்றை மாடு, ஆடுகட்கு மட்டுமே உரியன என எண்ணி நிம்மதி அடைந்துவிடுகிறோம். பசு முதலியவற்றைப் பசியாலும் நீர்வேட்கையாலும் வருந்தச் செய்தல் என்றே உரையும் விரிகிறது. பசுவிற்கே இவ்வாறெனின், நம்மை நம்பி வாழும் மாந்தர்க்கு எவ்வளவு! விரதம் முற்றும் உடைவதில்லை. ஒருவரையும் நாம் கொல்லவில்லை. ஆயினும் அதன்மேல் கறை படிகிறது.

சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டகத்தில் மற்றொன்றையும் செய்திருக்கிறார். அந்நூலின் வழிவந்த அருங்கலச்செப்பை நம் இல்லங்களில் ஓதிப் பழகியவர் பலர். அளவிற்கு மேல் ஓட்டுதல், அளவிற்கு மேல் சுமத்துதல் என்னும் இரண்டனையும் அவர் பொருள்வரைதல் என்னும் விரதத்தின் அதிசாரங்களாக வைக்கிறார். பெருஞ்சேமிப்பும் பேராசையும் அதே வரிசையில் நிற்கின்றன. பிறர் முதுகில் ஏறும் சுமை பொருட்பற்று என்னும் பகுதியில் எண்ணப்படுவது ஏன் என்று இளமையில் நமக்கு விளங்கியதில்லை. தம் முதலில் ஒரு காசும் குறையலாகாது என்னும் பற்று, பிறர் தோளில் சுமையாய் இறங்குகிறது என்பதை அச்சகத்து அன்பரின் மனையைப் பற்றிப் பேசியபோதுதான் உணர்ந்தோம்.

மூன்று நாள் கழித்து அன்பர் மீண்டும் அழைத்தார். கணக்கேட்டை விரித்து வைத்தாராம். முதலில் எவரும் வாய் திறக்கவில்லை. பின்னர்ப் பைண்டிங் பிரிவில் மூத்த அம்மையார் ஒருவர், காகிதம் வாங்கும் கடைக்கு நாம் கொடுக்கும் வட்டி இவ்வளவா என்று கேட்டாராம். அவரே, மருந்துக் கடைகளுக்குக் காகித உறை வேண்டியிருக்கிறதே, இருக்கும் தாளை அதற்கு வெட்டினால் என்ன என்றும் கேட்டாராம். எடுத்துரைத்தலும் தடுத்தலும் ஒரே பேச்சில் நிகழ்ந்துவிட்டன! முடிவில், பெண்கள் எழுவரின் சம்பளத்தில் கை வைப்பதில்லை என்றும், மற்றவர்க்கு ஆறு மாதத்திற்கு இருபது விழுக்காடு நிறுத்தி வைத்து, அதனைக் கடன் என ஏட்டில் எழுதுவதென்றும், உரிமையாளர் தமக்கென எதுவும் எடுப்பதில்லை என்றும் பேசி முடித்தனர். மனையின்மேல் கடன் வாங்கினார்.

இதனால் எல்லாம் இனிது முடிந்தது என்று எழுத இயலாது. காகித உறையில் வந்த ஆதாயம் சொற்பம். ஓர் இயந்திரத்தை விற்க நேர்ந்தது. இயக்குநர் இருவர் வேறிடம் தேடிச் சென்றனர்; அவர்கட்கு நிறுத்தி வைத்த தொகையைக் கணக்கிட்டுக் கொடுத்தே அனுப்பினார். ஆறு மாதம் ஒன்பது மாதமாயிற்று. அதனையும் முன்கூட்டியே கூட்டி அமர்த்திச் சொன்னார்.

காலவரையறை என்பது சிறிய செய்தியன்று. பத்திரபாகு முனிவர் காலத்துப் பன்னீராண்டுப் பஞ்சத்தைப் பற்றி நம் மரபு கூறுவது யாது? தென்திசை நோக்கிப் புறப்பட்ட சங்கம் ஒருபுறம். வடக்கே தங்கிப் பஞ்சத்தின்பொருட்டு ஒழுக்க விதிகளைச் சிறிது தளர்த்திக் கொண்டவர்கள் மறுபுறம். பஞ்சம் நீங்கியது, தளர்ந்த விதி மீண்டும் இறுகவில்லை. எவர்மீதும் குறை கூறுதற்காக இதனை எடுத்துக் கூறவில்லை. கடுங்காலத்தில் தற்காலிகம் என்று செய்தது, காலம் மாறியபின் நிலைத்துவிடும் இயல்புடையது என்பதற்கு நம் வரலாற்றிலேயே இதனினும் பெரிய சான்று இல்லை.

நம் குடும்பங்களில் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் மிகுதி. அவர்கட்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. 2020 ஏப்ரல் முதல் ஓராண்டிற்கு நாடாளுமன்ற உறுப்பினரின் ஊதியம் 30 விழுக்காடு குறைக்கப்பட்டது. ஆண்டு முடிந்தது, குறைப்பும் முடிந்தது. மேலிருப்பவர் முதலில், அதுவும் வரையறையுடன் என்பதால் அது போற்றத்தக்கதே. ஆனால் மத்திய அரசு ஊழியர்க்கும் ஓய்வூதியர்க்கும் 2020 சனவரி முதல் நிறுத்தப்பட்ட மூன்று தவணை அகவிலைப்படி உயர்வு 2021 சூலையில் மீண்டபோது, இடைப்பட்ட 18 மாத நிலுவை வழங்கப்படவில்லை. ஒன்று வரையறையுள்ளது; மற்றொன்று வரையறை முடிந்தும் திரும்பி வராதது. இரண்டன் வேறுபாட்டையும் நம்மவர் பையிலேயே உணர்ந்திருக்கின்றனர். தாம் உணர்ந்ததைத் தம்மிடம் வேலை செய்பவர்க்கும் பொருத்திப் பார்த்தனரா என்பதே நம் வினா.

சட்டம் என்ன கூறுகிறது என்று கேட்பவர்க்குச் சுருங்கச் சொல்வோம். ஊரடங்குக் காலத்து முழு ஊதியமும் தர வேண்டும் என்று 2020 மார்ச்சு 29இல் உள்துறை பிறப்பித்த ஆணை மே 18 முதல் விலக்கிக் கொள்ளப்பட்டது. சூன் 12இல் உச்சநீதிமன்றம் இரு தரப்பாரும் கூடிப் பேசித் தீர்த்துக் கொள்ளுமாறு கூறியது. தொழிலாளர் ஊதியத்தில் மாறுதல் செய்ய விரும்புவோர் முன்னறிவிப்புத் தந்து 21 நாள் பொறுத்திருக்க வேண்டும் என்பது 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் இருந்த விதி. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்திற்கு வந்துள்ள தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் அதனைக் கொண்டுள்ளது. ஆனால் நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மையாருக்கு எவர் முன்னறிவிப்புத் தருகிறார்? அவ்வாண்டில் 'நாங்கள் சொல்லும்வரை வர வேண்டா' என்று கூறி அனுப்பினோம். வராத மாதங்களுக்குச் சம்பளம் தந்த வீடுகளும் உண்டு. பாதி தந்தவையும் உண்டு. ஒன்றும் தராமல், திரும்பி வந்தபோது பழைய சேலை ஒன்றைத் தந்த வீடுகளும் உண்டு. வரவேண்டா என்றது நம் சொல். வராமைக்குக் கூலி குறைந்தது அவர் கையில்.

கூலி வாங்குபவராக இதனைப் படிப்போர்க்கும் ஒரு சொல். குறைப்புக் கேட்கப்படும்போது சினமும் செருக்கும் எழுதல் இயல்பே, அவையும் கஷாயங்களே. முதலாளி உண்மையிலேயே முதலைத் தின்று கொண்டிருக்கிறாரா என்பதைக் கேட்டறியுங்கள். அறிந்தபின் இசைவதும் மறுப்பதும் உங்கள் உரிமை. வாயால் இசைந்துவிட்டு, சம்பளம் குறைந்த அளவிற்கு வேலையையும் மறைவாகக் குறைத்தல் மட்டும் வேண்டா. மறுப்பதாயின் முகத்தெதிரே மறுத்துவிடுங்கள். தடுத்துரைத்தல் உபகாரம் என்று ஆசாரியரே கூறியிருக்கிறார்.

இத்தனையும் எழுதிய நமக்கு இவற்றை எழுதத் தகுதி உண்டா என்பதையும் வாசகர் அறிதல் வேண்டும். நாம் உறுப்பினராக இருந்த ஆலயக் குழு ஒன்று, அதே 2020 மே மாதத்தில், ஆலயக் காவலரின் சம்பளத்தை 5,000இலிருந்து 2,500 ஆக்கியது. நன்கொடை வரவில்லை என்பது காரணம். மானத்தம்பத் திருப்பணிக்கென வங்கியில் வைப்புத்தொகை இருந்தது; அதில் ஒரு ரூபாயும் குறையவில்லை. அத்தீர்மானத்தை நாம் முன்மொழியவில்லை, வழிமொழியவும் இல்லை. தலையசைத்தோம். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றும் வினையைக் கட்டும் என்று எத்தனை மேடைகளில் கூறியிருப்போம்! அச்சகத்து அன்பர்க்கு நாம் அறம் கூறிய நாளில் நம் தலையசைப்புக்கு நான்கு மாதம் ஆகியிருந்தது. அவரிடம் பேசும்போது நமக்கு அது நினைவிற்கே வரவில்லை.

2021 அக்டோபரில் காவலர்க்கு முழுச் சம்பளம் மீண்டது. இடைப்பட்ட பதினேழு மாதத்தைப் பற்றி எவரும் பேசவில்லை. 2022இல் முழங்கால் நோவினால் அவர் வேலையை விட்டு மகன் ஊருக்குச் சென்றார். செல்லும் நாளில் அம்மாதச் சம்பளத்தை மட்டுமே கேட்டார். அதனைக் கொடுத்து, வேட்டியும் துண்டும் போர்த்தி, 'கணக்கு நேராயிற்று' என்று கூறி அனுப்பினோம்.

பொய்யாமை விரதத்தின் அதிசாரங்களுள் நியாசாபகாரம் என்பது ஒன்று. பொன்னை ஒருவரிடம் வைத்தவர், வைத்த அளவை மறந்து குறைத்துக் கேட்கும்போது, 'ஆம், அவ்வளவே' என்று கூறி அதனை மட்டும் கொடுத்தல். களவின் பகுதியில் அன்று. பொய்யின் பகுதியில் அது வைக்கப்பட்டுள்ளது. திருடவில்லை, கேட்டதைக் கொடுத்தோம், சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. சென்ற ஆண்டு தத்துவார்த்த சூத்திர வகுப்பில் அப்பகுதியை விளக்கிக் கொண்டிருந்தபோது நா எழாமல் நின்றுவிட்டோம்.

குழுவிற்குக் கடிதம் எழுதினோம். தீர்மான ஏட்டில் 'குறைப்பு' என்றுதான் உள்ளது, 'நிறுத்தி வைப்பு' என்று இல்லை, ஆகவே கொடுக்க வேண்டிய கடமை இல்லை என்று மறுமொழி வந்தது. ஏட்டைப் பொறுத்தவரையில் அது சரியே. அச்சொல்லை எழுதியபோது உடனிருந்தவர்களுள் நாமும் ஒருவர். பங்குனியில் குழு கூடுகிறது. மீண்டும் கேட்பதாக உள்ளோம். அதற்கு முன்னர் அப்பெரியவரின் ஊருக்குச் சென்று வர எண்ணியிருக்கிறோம். மாதம் 2,500 வீதம் பதினேழு மாதத்திற்கு 42,500 ரூபாய். குழு தந்தாலும் தராவிடினும், தமக்கு வர வேண்டியது எவ்வளவு என்பதை அவர் நம் வாயால் கேட்டிருக்க வேண்டும்.